பொட்டி மாமா திறக்காத பெட்டி

மூடியிருக்கும் எதையும் மூடியபடியே விட்டுவைக்கப் பொட்டி மாமாவால் முடியாது. ஊறுகாய் ஜாடி, தைலச் சீசா, கடைப் பொட்டலம், கட்டி வைத்த மூட்டை, கல்யாண வீட்டுத் தாம்பாளத்தின் மேல் போட்ட பட்டுத்துணி, எதுவானாலும் சரி, அவர் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கை தானாக அந்தப் பக்கம் போகும்.

"உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டு மூடிடலாம்" என்பார். பார்ப்பார். மூடியும் விடுவார். அதற்குள் வீட்டுக்காரருக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

குழந்தைகளே, நாம் ராயபுரத்தில், வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தபோது அவர் நமக்கு எதிர்வீடு. அப்போது நீங்கள் எல்லாரும் மிகச் சிறியவர்கள், உங்களுக்கு நினைவிருக்காது. உங்கள் அம்மா அவரை அண்ணே என்பாள். அதனால் எனக்கு அவர் மாமு, அவருக்கு நான் மச்சான், உங்களுக்கு அவர் மாமா. இந்தக் கதையில் ஒரு சின்னப் பையன் வருகிறான். நம் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் இருக்கிறீர்கள். அவன் அந்த மூவரில் ஒருவன். யார் என்று கேட்காதீர்கள். நான் சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

மாமாவுக்குத் திறக்கிற கை வந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிழைப்பே அதுதான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மரப்பெட்டிகளில் சிலவற்றுக்குச் சுங்கத்து உத்தியோகஸ்தர் சுண்ணக்கட்டியால் குறி போடுவார். அந்தப் பெட்டிகளைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடவேண்டும். மாமா ஆணிகளை ஒவ்வொன்றாக வளையாமல் பிடுங்கி, வரிசை மாறாமல் வாயில் கவ்விக்கொள்வார். மூடும்போது எந்த ஆணி எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குப் போகும். "தொறந்தது யாருன்னு பொட்டிக்கே தெரியக்கூடாது, மச்சான்" என்று பெருமையாகச் சொல்வார்.

ஒரு வகைப் பெட்டியை மட்டும் அவர் தொடமாட்டார். கம்பி சுற்றி, ஈயத்தில் சீல் வைத்த பெட்டி. அதைத் தொட்டால் வேலை போய்விடும். அந்த மாதிரிப் பெட்டியின் பக்கத்தில் நடக்கும்போது மாமா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாராம். கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் நம் லைனில் யார் சீல் வைப்பது? லைனுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரருடைய சுவர்க் கடிகாரத்தை, உள்ளே மணி அடிப்பது யார் என்று பார்ப்பதற்காக ஒரு நாள் கழற்றினார். எல்லாவற்றையும் மாட்டியபின் உள்ளங்கையில் ஒரு திருகாணி மிச்சமிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அதுக்கு வேணாம்போல கீது" என்று வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கடிகாரம் எப்போதும் ஒரு மணி கூடுதலாக அடித்தது. லைன் முழுக்க ஒன்றைக் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டோம். நாம் வீடு மாறி வந்த பிறகும் உங்கள் அம்மா, எந்தக் கடிகாரம் அடித்தாலும் ஒன்றைக் கழித்துவிட்டு என்னைச் சீக்கிரம் எழுப்பாமல் விட்டதும், நான் வேலைக்குத் தாமதமாகப் போனதும் உண்டு.

பின்வீட்டு மீன்கார அக்கா வீட்டில் நடந்தது இன்னும் மோசம். கல்மண்டபத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஒரு கூடையை மூடி, வாயைத் தைத்து வைத்திருந்தாள். மாமா தையலைப் பிரித்தார். உள்ளே நண்டு. மூடுவதற்கு நேரமில்லை, ஏனென்றால் இந்தத் தடவை உள்ளே இருந்ததற்கும் வெளியே வர ஆசை இருந்தது. அன்று முழுவதும் லைனில் யாரும் கால் ஊன்றி நடக்கவில்லை.

"ஏம்பா, ஒன் கைய கொண்டாந்து குடு, அத்த தச்சு வெச்சிட்டுப் போறேன்" என்று கத்தினாள் அக்கா.

இத்தனைக்கும் யாருக்கும் அவர்மேல் நிஜமான கோபம் வந்ததில்லை. திறப்பாரே தவிர உள்ளேயிருந்து ஒரு கடுகைக்கூட எடுக்கமாட்டார். தீபாவளிக்கு உங்கள் அம்மா ஒளித்துவைத்த அதிரச டப்பாவை அவர் திறந்து பார்த்தது உண்மை. அவரால் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதும் உண்மை. குறைந்தது என்னால்.

இப்போது பையனுக்கு வருகிறேன். அப்போது அவனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. நடக்கப் பழகிவிட்டதால் வைத்த கண்ணை எடுத்தால் குழாயடிக்குப் போய்ச் சேற்றில் உட்கார்ந்துவிடுவான். மாமா அதற்கு ஒரு வழி செய்தார். துறைமுகத்தில் கேட்டு வாங்கி ஒரு காலிப் பெட்டியைத் தலையில் சுமந்துவந்தார். ஓரங்களைச் சிராய் இல்லாமல் தேய்த்து, பையனை உள்ளே இறக்கி, கையில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்தார்.

"நம்ம தொரைக்கு பங்களா!" என்றார். பையனை அவர் துரை என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன சரக்கு வந்த பெட்டி, மாமு?" என்று கேட்டேன்.

"பீங்கான். மோந்து பாத்தாலே தெரியாதா எனக்கு? பொதிஞ்சு வந்த வைக்கல் வாசன அடிக்குது பாரு" என்று மூக்கைப் பெட்டிக்குள் விட்டு இழுத்துக் காட்டினார். அந்த மூக்கில் காலை முதல் எத்தனை சிட்டிகை பொடி ஏறியிருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை.

பையனுக்குப் பங்களா பிடித்துவிட்டது. இடுப்பில் அரைஞாண் கயிற்றைத் தவிர வேறொன்றும் இல்லாமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை உள்ளேயே உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருப்பான். ஒன்றுக்குப் போவதும் அதற்குள்ளேயேதான்.

கொஞ்ச நாளில் அவனுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் கண்டது. போவதற்கு முன்பே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பிப்பான். பார்த்தால் குஞ்சின் நுனி மிளகாய்ப் பழம்போலச் சிவந்து வீங்கியிருந்தது. இங்கே நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். காது வலி, கண் வலி மாதிரி அதற்கும் வலி வரும். பேசக் கூச்சப்பட்டு மறைத்தால் வலி போய்விடாது.

உங்கள் அம்மா பயந்துபோய்த் துணி துவைக்கிற சவுக்காரத்தைப் போட்டுக் கழுவினாள். எரிச்சல் கூடியது. அதனால் இன்னும் நன்றாகச் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். மறுநாள் பையன் தண்ணீர்ச் சொம்பைக் கண்டாலே ஓடினான்.

லைனில் இருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். மீன்கார அக்கா குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"தோலு மூடிகினு கீது பாரு. உள்ள அயுக்கு ரொம்பிக் கீது. பின்னால தள்ளித் தொறந்து கயுவணும். வேற வய்யே இல்ல."

"ஐயோ, யார் திறப்பது?" என்றாள் உங்கள் அம்மா.

எல்லாத் தலையும் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பியது. ராயபுரத்தில் இப்படி ஒரு யோசனை நம் லைனைத் தவிர வேறெங்கும் வந்திருக்காது. திறக்கவேண்டுமென்றால் நமக்கு ஒரே ஆள்தானே?

மாமா வந்தார். முழங்கைவரை கை கழுவினார். பொடி மட்டையை மடியில் செருகினார். பையனை உங்கள் அம்மா மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்ள, அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பயப்படாத தொர. ஆணி இல்லாத பொட்டி, ஒரு நிமிசம்."

"மெதுவா, மாமு" என்று நான் வாசலிலிருந்து சொன்னேன்.

மாமாவுக்கு வேலை என்றால் வாய் திறந்துகொள்ளும். ஆணி கவ்விப் பழகிய வாய் அது. கையை நீட்டினார், வாயைத் திறந்தார். அவருடைய விரல் போய்ச் சேருவதற்கு முன் பையன் பெய்துவிட்டான். நேராக, உயரமாக, ஒரு சொட்டு வீணாகாமல்.

பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் பையன் போட்ட கத்தலில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மூத்திரம் பட்ட எரிச்சலில் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான். மாமா துப்பக்கூட இல்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"மச்சான்" என்றார். "தொடாமயே இப்டி கத்துதே. தொட்டா?"

உங்கள் அம்மா பையனை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க" என்றாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மாமாவும் கூடவே வந்தார்.

அங்கே இருந்த டாக்டரம்மா வயதானவர், கண்டிப்பானவர். பையனைப் பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"யாராவது இந்தத் தோலைப் பின்னாலே தள்ளினீங்களா?"

"இல்லீங்கம்மா" என்றார் மாமா. "தள்ளத்தான் போனேன். அதுக்குள்ள..." என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல வேளை. இந்த வயசுல அது உள்ளே ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். உங்க நகம் சதையோட ஒட்டியிருக்கு இல்லையா? நகத்தைத் தூக்கியா கழுவுறீங்க? பலவந்தமா தள்ளினா கிழியும், ரத்தம் வரும். காயம் ஆறித் தழும்பாச்சுன்னா அப்புறம் இறுகிப்போகும். பின்னால போய் மாட்டிக்கிட்டுத் திரும்பி வரலைன்னா இன்னும் ஆபத்து."

"அப்போ அது எப்பத்தாங்க தொறக்கும்?" இந்தக் கேள்வியை மாமா கேட்காமல் யார் கேட்பார்?

"தானா. ஒருத்தனுக்கு நாலு வயசுல, இன்னொருத்தனுக்குப் பத்து வயசுல, சிலருக்கு மீசை முளைக்கிறப்போ. அவன் பெரியவனாகி அவனே பாத்துக்குவான். அதுவரைக்கும் அம்மா தொடக்கூடாது, அப்பா தொடக்கூடாது, நீங்களும் தொடக்கூடாது."

மாமா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"புரிஞ்சிதுங்கம்மா. சீல் வெச்ச பொட்டி."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம், அப்படியே வெச்சுக்குங்க" என்றார். பிறகு பையனின் தொடை இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்த பொடியை விரலால் தொட்டார். "இது என்ன, பவுடரா?"

"நான் எதுவும் போடலையே" என்றாள் உங்கள் அம்மா.

டாக்டரம்மா அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு விரலால் தேய்த்தார். வழவழவென்று வந்தது. "பையன் பகல்ல எங்கே உட்காருறான்?"

பெட்டியைப் பற்றிச் சொன்னோம்.

"அதுல என்ன சரக்கு வந்துச்சு?"

"பீங்கா..." என்று தொடங்கிய மாமா அந்த வார்த்தையை முடிக்கவில்லை.

"சலவைச் சோடா மாதிரி இருக்கு. பலகை இடுக்குல தங்கியிருக்கும். அது மேல மூத்திரத்தோட நாள் முழுக்க உட்கார்ந்தா யாருக்குத்தான் வேகாது? அதுக்கு மேல சவுக்காரம் வேற."

வீடு வந்ததும் மாமா நேராகப் போய்ப் பெட்டியின் முன் மண்டியிட்டு, பலகை இடுக்கை நாக்கால் தொட்டுப் பார்த்தார். துப்பினார். உள்ளே போய்க் கோடாலியை எடுத்துவந்தார். ஒரு பலகையைக்கூட விரிசல் விடாமல் எடுக்கிறவர், அன்று அந்தப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிளந்தார். ஓர் ஆணியைக்கூடப் பொறுக்கி வைக்கவில்லை.

"ஊர் பொட்டியெல்லாம் தொறந்து பாத்தேன். நான் குடுத்த பொட்டிய பாக்கல, தங்கச்சி" என்றார் உங்கள் அம்மாவிடம்.

"பையனுக்குச் சரியாயிடும், அண்ணே" என்றாள் அவள்.

சரியாயிற்று. எப்படி என்று எழுதுகிறேன். நாளைக்கு உங்களுக்கும் பிள்ளைகள் பிறக்கும், அப்போது பின்வீட்டு அக்காக்கள் கூடுவார்கள். சவுக்காரத்தை நிறுத்தினோம். ஒரு தாம்பாளத்தில் கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, அதில் அவனைக் கொஞ்ச நேரம் விளையாட விட்டோம். எரிச்சலுக்குப் பயந்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தவன், அந்தத் தண்ணீரிலேயே அழாமல் பெய்தான். பிறகு வெளிப்புறத்தை மட்டும் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தோம். தேய்க்கவில்லை. காற்றுப்பட விட்டோம். ஈரத்துணியோடு தூங்கவிடவில்லை. டாக்டரம்மா கொடுத்த களிம்பை அவர் சொன்னபடி மேலே மட்டும் தடவினோம். தோலுக்கு அடியில் வெள்ளையாகச் சிறு உருண்டைபோலத் தெரிந்தால் அது சீழ் இல்லை, தானே வெளியே வரும் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் நுனியிலிருந்து சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் பரவினாலோ, மூத்திரமே வராமல் நின்றாலோ, ஒரு நாழிகைகூடக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றார். சிவப்பு சில நாளில் வடிந்தது.

வடிந்த பிறகும் மாமாவின் காவல் வடியவில்லை. சுண்ணக்கட்டியால் நம் வீட்டு வாசற்கதவில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டார். துறைமுகத்தில் மற்றக் குறிகளுக்குத் திற என்று அர்த்தம், இதற்கு மட்டும் தொடாதே என்று அர்த்தமாம். பையன் குளிக்கும்போதெல்லாம் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து, "வெளியால மட்டும், தங்கச்சி, வெளியால மட்டும்" என்று குரல் கொடுப்பார். கை சும்மா இருக்காதே, அதனால் பொடி மட்டையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார். அந்த மாதம் அவருக்குப் பொடிச் செலவு அதிகம்.

அவரைவிடப் பெரிய ஆள் ஒருத்தி வந்தாள். உங்கள் திருவொற்றியூர்ப் பெரியம்மாதான். அவளுடைய தகரப் பெட்டி உங்களுக்குத் தெரியும், பூட்டோடுதான் எங்கேயும் வரும். வந்தவள் பெட்டியை முற்றத்தில் வைத்துவிட்டு, நடந்ததைக் கேட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து, பையனை நீட்டிய கால்களின்மேல் போட்டுக்கொண்டாள்.

"டாக்டராவது ஒண்ணாவது. எம் புள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் தள்ளித் தள்ளிக் கயுவினேன். எண்ண கொண்டாடி!"

"வேணாங்க்கா, தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் உங்கள் அம்மா.

"நீ சும்மா கெட. நேத்து பொறந்தவ."

பையன் நெளிந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

"யம்மோவ்! அது சீலு!"

"இன்னா சீலு?"

"சர்க்காரு சீலு. ஆஸ்பத்திரில போட்டது."

"யோவ், ஊரான் பொட்டியெல்லாம் ஒடைக்கிறவன் நீ. நீ வந்து எனக்குச் சொல்றியா?"

"ஒடைக்கிறவனே சொல்றேன், கைய எடு."

பெரியம்மா கையை எடுக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை விட்டாள். மாமா முற்றத்துக்கு வந்தார். தகரப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து ஆணி பிடுங்கும் இரும்பை எடுத்துப் பூட்டுக்குள் கொடுத்தார்.

"நீ அத்த தொறந்தா நான் இத்த தொறப்பேன்."

பெரியம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. பையனை அப்படியே உங்கள் அம்மா கையில் போட்டுவிட்டு ஓடிவந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எம் பொட்டிய தொடாதய்யா! பாவி! அது என்னுது!"

"அது அவன்து" என்றார் மாமா, பையனைக் காட்டி.

பெரியம்மா ஊருக்குப் போகும்வரை பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. மூடியிருந்த ஒன்றைப் பார்க்காமலே அவர் எழுந்து போனதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். போய் வீட்டுக்குள் நாலு டப்பாவைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது.

அப்புறம் ரங்கூன் துறைமுகத்தில் நல்ல வேலை என்று மாமாவை யாரோ கூட்டிப்போனார்கள். கப்பலேறும்வரைக்கும் பையனைப் பார்த்தால், "இன்னா தொர, சீல் கீதா?" என்பார். பையனும் விறைப்பாக நின்று சலாம் வைத்து, "கீது!" என்பான். அர்த்தம் தெரிந்து சொன்னானோ என்னவோ.

பல வருஷம் கழித்து ரங்கூனிலிருந்து திரும்பிய ஒருவர் விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். ஊர்க்கதை பேசினார். எழுந்திருக்கும்போதுதான் நினைவு வந்தவராக, "பொட்டிக்காரரு ஒண்ணே ஒண்ணு கேட்டுகினு வரச் சொன்னாரு. சீல் இன்னா ஆச்சுன்னு கேக்கச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அவன் தானே குளிக்க ஆரம்பித்து வெகு நாளாகியிருந்தது, அவனே பார்த்துக்கொள்வான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் நாங்கள் அவனிடம் விசாரித்ததும் இல்லை.

குளிக்கிற தட்டிக்குள்ளிருந்து தலை மட்டும் ஈரத்தோடு வெளியே வந்தது.

"எம் பொட்டிய நானே பாத்துக்கிறேன்னு மாமாகிட்ட சொல்லுங்க. வேற யாருகிட்டயும் சொல்லக் கூடாது, நைனா. சத்தியம் பண்ணு!"

சத்தியம் பண்ணினேன். தட்டிக் கதவு படாரென்று மூடியது. அதனால்தான் அவன் யார் என்று இங்கே எழுதவில்லை.